சோப்பு உறையில் இறந்துபோன மெக்கானிக்

மெக்கானிக் செத்துப்போன செய்தி அவருக்கே ஒரு வெள்ளிக்கிழமை காலையில்தான் தெரியவந்தது.

அன்று காற்று பலமாக இருந்ததால் துறைமுகத்திலிருந்து படகுகள் கிளம்பவில்லை. படகு கிளம்பாவிட்டால் எஞ்சின் கெடாது. எஞ்சின் கெடாவிட்டால் அவருக்கு வேலை இல்லை. பனியனோடு முன்னறையில் உட்கார்ந்து வாசல் கதவின் கீலைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். சும்மா இருக்கத் தெரியாத மனிதர். நன்றாக ஓடுகிற மின்விசிறியைக்கூட மாதம் ஒருமுறை கழற்றி மாட்டுவார்.

பின்பக்கச் சமையலறையில் அவர் மனைவி சோப்புக்கான காஸ்டிக் சோடாவைக் கரைத்துக்கொண்டிருந்தாள். எங்கள் தெருவுக்கு அவள் சோப்புக்காரம்மா. அந்த அரைமணி நேரம் மட்டும் வீட்டில் யாரும் அவளைக் கூப்பிடக் கூடாது. கதவைச் சாத்தி, ஜன்னல் இரண்டையும் திறந்துவைத்து, கண்ணைச் சுற்றி இறுக்குகிற கண்ணாடி, முகமூடி, முழங்கை வரைக்கும் ரப்பர் உறை எல்லாம் மாட்டிக்கொண்ட பிறகுதான் டப்பாவின் மூடியைத் தொடுவாள். தண்ணீரில்தான் காஸ்டிக்கைக் கொட்ட வேண்டும். மாற்றிக் கொட்டினால் முகத்துக்கு எழும்பும். கொட்டியதும் அடுப்பே இல்லாமல் தண்ணீர் கொதிக்கும், மூக்கை அறுக்கிற மாதிரி ஓர் ஆவி கிளம்பும். அது ஆறும் வரை தேங்காய் எண்ணெயையும் ஆமணக்கு எண்ணெயையும் நிறுத்துச் சேர்ப்பாள். பிறகு இரண்டையும் கலந்து கைமிக்ஸியால் அடிப்பாள். மிக்ஸியைத் தூக்கும்போது விழுகிற சொட்டு உள்ளே முழுகாமல் மேலேயே கோடாக நின்றால் பதம். அந்த நிமிடத்தைத் தவறவிட்டால் அச்சுக்குள் ஓடாது. முன்னாலேயே ஊற்றினால் எண்ணெய் பிரிந்துவிடும்.

அச்சுகளும் அவள் செய்தவையே. முதலில் களிமண்ணில் செதுக்கி, அதன்மேல் சிலிகானை ஊற்றி எடுப்பாள். நட்சத்திரமீன், கடல்குதிரை, ஆமை, நண்டு, கரித்தூள் கலந்த திருக்கை, ஆக்டோபஸ். திருக்கையின் வால் முதலில் நேராக இருந்தது, எடுக்கும்போதெல்லாம் ஒடிந்தது. உடம்பை ஒட்டி வளைந்து படுத்திருக்கிற மாதிரி மாற்றிச் செதுக்கினாள். ஆக்டோபஸின் கால் நுனிகள் எட்டு மாதம் அவளைப் பாடாய்ப் படுத்தின. கரைசலில் கொஞ்சம் உப்பு சேர்த்தால் சோப்பு இறுகும், அச்சை ஒரு மணி நேரம் ஃப்ரீசரில் வைத்துப் பிரித்தால் நுனி உடையாது என்பதைக் கண்டுபிடித்த அன்று நாத்தனாரை எழுப்பி எட்டுக் காலையும் எண்ணச் சொன்னாள். எண்ணிய நாத்தனார், "எட்டும் இருக்கு அண்ணி, இனிமேலாவது ஃப்ரீசர்ல ஐஸ் வைக்க விடுவீங்களா" என்று கேட்டாள்.

இதையெல்லாம் யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒன்பது வருடம் மீன் பதப்படுத்துகிற கம்பெனியில் நண்டு உடைத்தாள், கணவாய் கிழித்தாள். எந்தப் பிராணிக்கு எங்கே எலும்பு, எங்கே வழவழப்பு என்பது அவள் விரலுக்குத் தெரியும். எத்தனை தரம் கழுவினாலும் கையில் அந்த வாடை போகாது. பஸ்ஸில் பக்கத்து இருக்கை காலியாக இருந்தாலும் ஆட்கள் நின்றுகொண்டு வருவார்கள். அந்த வாடையைப் போக்கத்தான் முதல் சோப்பைக் காய்ச்சினாள். வாடை போயிற்று. ஒரு வருடத்தில் வேலையையும் விட்டாள்.

செய்த சோப்பு ஆறு வாரம் காற்றில் காய வேண்டும். அதற்கு வீட்டில் படுக்கையறையை விட்டால் இடமில்லை. சுவரின் மூன்று பக்கமும் கம்பித் தட்டுகள். புருஷனும் பெண்டாட்டியும் ஆமைக் கூட்டத்துக்குக் கீழேதான் படுப்பார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை வாசலில் ஒரு கார் நின்றது. வயதான கணவனும் மனைவியும் இறங்கினார்கள். அந்தம்மாள் கையில் துணி நிறைந்த ஒரு பை, ஒரு பிஸ்கட் டின். இது சோப்பு செய்கிற அம்மா வீடுதானே என்று பெரியவர் கேட்டார். ஆமாம், ஆனால் இப்போது கூப்பிட முடியாது, அரைமணி ஆகும் என்று மெக்கானிக் சொன்னார். அந்தம்மாள் தலையை மெதுவாக ஆட்டினாள்.

"பரவாயில்லப்பா. மெதுவா வரட்டும். மனசு ஆற நாளாகும். நீங்க அவங்களுக்கு என்ன உறவு?"

"வீட்டுக்காரர்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தம்மாள் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்:

"ரெண்டாவதா?"

"எனக்குத் தெரிஞ்சு நான்தாங்க முதல்" என்றார் மெக்கானிக்.

பெரியவர் சட்டைப்பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து நீட்டினார். சோப்பைச் சுற்றியிருந்த உறை. மெக்கானிக் கையைப் பனியனில் துடைத்துக்கொண்டு வாங்கினார். உறையில் அவர் மனைவியின் படம் இருந்தது. பழைய துணியில், தரையில் உட்கார்ந்து, மரக்கரண்டியால் எதையோ கிண்டிக்கொண்டிருந்தாள். கண்ணோரத்தில் ஒரு சொட்டு நீர். கீழே எழுதியிருந்தது: "புயலில் கணவனைக் கடலுக்குப் பறிகொடுத்த ஓர் ஏழைப் பெண், அவர் நினைவாகத் தன் கண்ணீரில் பிசைந்து வார்த்த கடல் உயிர்கள்."

மெக்கானிக் இரண்டு தரம் படித்தார். பிறகு மகளைக் கூப்பிட்டு அவளையும் படிக்கச் சொன்னார், தான் தப்பாகப் படித்துவிட்டோமோ என்று.

உள்ளே கதவு திறந்தபோது சோப்புக்காரம்மா கண்ணாடியும் முகமூடியுமாக வந்து நின்றாள். அவளைப் பார்த்ததும் அந்தம்மாள் ஒரு அடி பின்னால் போனாள். உறையில் இருந்தவளுக்கும் இவளுக்கும் ஒட்டவே இல்லை. பெரியவருக்குத்தான் முகம் சிவந்தது. தன் மனைவி இரண்டு நாளாக அந்தச் சோப்பைத் தண்ணீரில் நனைக்க மனம் வராமல் வைத்துக்கொண்டு அழுததையும், கடையில் நிற்கிற பெண்ணிடம் கெஞ்சி முகவரி வாங்கியதையும் சொன்னார். படித்தவர்களான தாங்களே இப்படி ஏமாந்தோமே என்றார்.

"உயிரோட இருக்கற மனுசனைச் செத்துட்டார்னு சொல்லி விக்கிறீங்களே, உங்களுக்கெல்லாம் கூச்சமா இல்லையா?"

அவர் கேட்டது கடையை அல்ல. உறையை அச்சடித்தவர்களை அல்ல. அந்த வீட்டை. ஏமாற்றுகிற முகம் எது என்று கேட்டால் ஜனங்களின் கை தானாகவே இந்த மாதிரி வீட்டுப் பக்கம்தான் நீளும். அந்த உறையை இன்றுதான் பார்க்கிறோம் என்று மகள் சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பையையும் பிஸ்கட் டின்னையும் மனைவியின் கையிலிருந்து வாங்கிக்கொண்டு காருக்குப் போனார்.

மகள் சொன்னது உண்மை. அவர்கள் சோப்புகளை வெறும் கட்டிகளாகப் பெட்டியில் அடுக்கித்தான் கொடுப்பார்கள். கடை, ஊரின் மறுகோடியில் ஒரு பெரிய ஓட்டலுக்குள் இருந்தது. சரக்கு கொண்டுவருகிறவர்கள் பின்வாசலில் இறக்கிவைத்துவிட்டுப் போக வேண்டும். இரண்டு வருடமாகத் தன் சோப்பு விற்கிற அலமாரியைச் சோப்புக்காரம்மா கண்ணால் பார்த்ததில்லை.

மாலைக்குள் செய்தி துறைமுகம் வரை போய்விட்டது. அடுத்த நாள் மெக்கானிக் வேலைக்குப் போனபோது படகுக்காரர்கள் எழுந்து நின்று மௌனம் காத்தார்கள். ஒருத்தர் அவர் தோளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கை உள்ளே போகவில்லையே என்றார். ஆவிக்கு எதற்குக் கூலி என்று இன்னொருத்தர் கேட்டார். மெக்கானிக்கும் சிரித்துவைத்தார். நாத்தனார் மட்டும் சாப்பாட்டுத் தட்டை அண்ணன் முன்னால் வைக்கும்போது, கடலுக்குள் சாப்பாடெல்லாம் எப்படி என்று விசாரித்தாள்.

அவர் சிரித்ததுதான் சோப்புக்காரம்மாவுக்குப் பொறுக்கவில்லை. அன்று சாப்பிடும்போது அவர் மெதுவாக ஆரம்பித்தார். கடையை நடத்துகிற மேடம் போன் பண்ணியதாகவும், இன்னும் நாலு ஓட்டல்களுக்குச் சரக்கு கேட்பதாகவும் சொன்னார். பின்பக்கம் தகரக் கொட்டகை போட இடம் அளந்து வைத்திருந்தார் அவர். காஸ்டிக் சமையலறையை விட்டுப் போகும், தட்டுகள் படுக்கையறையை விட்டுப் போகும்.

"நான் செத்ததாவே இருந்துட்டுப் போறேன். இதுல எனக்கு என்ன குறைஞ்சுபோச்சு? ரேஷன் கார்டுலயா பேரை அடிச்சாங்க?"

"உங்களுக்கு வலிக்கவே இல்லையா?"

"செத்தவனுக்கு என்ன வலி."

அவள் தட்டைத் தள்ளிவைத்தாள்.

"உங்களை மட்டுமா கொன்னாங்க? அந்தப் படம் எப்ப எடுத்தாங்க தெரியுமா? கடையிலேருந்து படம் எடுக்க ஒரு ஆளு வந்து கண்ணாடியைக் கழட்டுங்க, முகமூடியைக் கழட்டுங்க, முகம் தெரியணும்னான். மிக்ஸியையும் தராசையும் தூக்கி ஒளிச்சுவச்சான். மரக்கரண்டி அவன் கொண்டுவந்தது. காஸ்டிக் கரைச்சு அஞ்சு நிமிஷம்கூட ஆகல. கண்ணு பத்திக்கிட்டு எரிஞ்சுது. ஆவிப்பா, கொஞ்சம் இருங்கன்னேன். அப்படியே இருங்கக்கா, ரொம்ப நல்லாருக்குன்னான். நானும் முட்டாள்தனமா இருந்தேன். அந்தத் தண்ணியத்தான் கண்ணீர்னு போட்டிருக்காங்க."

நாத்தனார் தண்ணீர்ச் செம்பை அவள் பக்கம் நகர்த்தினாள்.

"கண்ணீர்ல பிசைஞ்சேனாம். ஒரு சொட்டுத் தண்ணி கூடினாலும் குறைஞ்சாலும் நான் நிறுத்துப் பாக்கறவ. உப்புகூட நிறுத்துத்தான் போடறேன். எட்டு மாசம் அந்த ஆக்டோபஸ் காலுக்கு நான் மூளையைக் கசக்கினேன். அழுதிருந்தா ஒரு கால் நின்னிருக்குமா?"

இதுதான் விஷயம். ஒரு பெண் யோசித்து, தோற்று, திருத்திச் செய்தாள் என்றால் அது விற்காதாம். அழுதுகொண்டே செய்தாள் என்றால் விற்குமாம்.

திங்கட்கிழமை அவளும் மகளும் ஓட்டலுக்குப் போனார்கள். பின்வாசலில் இல்லாமல் முன்வாசலில். மேடம் தன் அறையில் உட்காரவைத்துக் குளிர்ந்த தண்ணீர் கொடுத்தார். குரல் உயர்த்தாத மனுஷி. நீங்கள் என் குடும்பம் மாதிரி என்று இரண்டு தரம் சொன்னார். அலமாரியில் எத்தனையோ சோப்பு இருக்கிறது, மனதைத் தொட்டால்தான் கை அதை எடுக்கும், இந்த உறை வந்த பிறகுதான் மூன்று மடங்கு போகிறது, இதில் யாருக்கு என்ன கெடுதல் என்று கேட்டார். அடுத்த மாதம் ஒரு விழா வைத்திருப்பதாகவும் சோப்புக்காரம்மா அதில் ஐந்து நிமிடம் பேசினால் போதும் என்றும் சொன்னார்.

"அவர் மட்டும் அன்னைக்கு வர வேண்டாம்."

படத்துக்கு ஒப்புதல் தந்து கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள் என்று ஒரு தாளையும் எடுத்துக் காட்டினார். மகள் அதை முழுசாகப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"எங்கம்மா படத்துக்குத்தான் கையெழுத்து போட்டிருக்காங்க மேடம். எங்கப்பா சாவுக்குப் போடல."

மேடம் கொஞ்ச நேரம் பேனாவை உருட்டினார். பிறகு இறங்கி வந்தார். இறங்கி வந்த விதம்தான் இன்னும் மோசம்.

"சரி, அவர் உயிரோடவே இருக்கட்டும். கடல்ல கால் ஒண்ணு போயிடுச்சுன்னு வச்சுக்கலாமா?"

"ரெண்டும் இருக்கு."

"குடிப்பாரா?"

"டீ குடிப்பார்."

"ஒரு கஷ்டம்கூடவா இல்ல உங்க வாழ்க்கையில? நிஜமா ஏதாவது ஒண்ணு சொல்லுங்க. அதையே போட்டுடலாம். பொய்யே வேண்டாம்."

சோப்புக்காரம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். எழுதிக்கொள்கிறீர்களா என்று கேட்டாள். மேடம் சந்தோஷமாகத் தாளை இழுத்துவைத்துக்கொண்டார்.

"ஒன்பது வருசம் மீன் கம்பெனியில நண்டு உடைச்சேன். கையில வாடை போகாது. பஸ்ல பக்கத்துல யாரும் உக்கார மாட்டாங்க. என் பொண்ணு சின்னதுல நான் ஊட்டினா மூஞ்சியைத் திருப்பிக்குவா. அந்த வாடை போகத்தான் இந்தச் சோப்பு செஞ்சேன். போட்டுக் கழுவினா எந்த மீன் வாடையும் போகும். எழுதுங்க."

பேனா முதல் வரியிலேயே நின்றுவிட்டது.

"மீன் வாடை வேண்டாமே" என்றார் மேடம். "சோப்பு மேல அப்படிப் படிச்சா முகத்துக்கு எப்படிப் போடுவாங்க? வேற ஏதாவது…"

"அப்ப என் கஷ்டம்கூட உங்களுக்குப் பிடிச்ச கஷ்டமாத்தான் இருக்கணுமா?"

மேடம் பேனாவை மூடினார். சோப்புக்காரம்மா எழுந்தாள். படத்தையும் அந்த வரியையும் எடுத்துவிட்டால் சரக்கு வரும், இல்லாவிட்டால் ஒரு கட்டிகூட வராது என்றாள். வீட்டில் அப்போது ஐந்நூறு கட்டி காய்ந்துகொண்டிருந்தது. அது அவளுக்கும் தெரியும், மேடத்துக்கும் தெரியும்.

மேடம் கூப்பிடவில்லை. அவளும் சரக்கு அனுப்பவில்லை.

அதற்குப் பிறகு வந்த இரண்டு மாதத்தை வீரக்கதை மாதிரி சொல்ல என்னால் முடியாது. மழை பிடித்துக்கொண்டது. ஈரக்காற்றில் சோப்புகள் வியர்த்தன. நாத்தனாரும் மகளும் தினமும் ஐந்நூறு பிராணிகளையும் துடைத்துத் திருப்பி வைத்தார்கள். மகள் கடை கடையாக ஏறி இறங்கினாள். ஒரு கடைக்காரர் ஆமையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பொம்மை நன்றாக இருக்கிறது, சோப்பு எங்கே என்று கேட்டார். மீன் கம்பெனியில் பழைய தோழிகள் கொஞ்சம் வாங்கினார்கள். கொட்டகை போடுவதைப் பற்றி மெக்கானிக் பேச்செடுக்கவில்லை. பேச்செடுக்காமல் இருந்ததே குத்திக்காட்டுவது மாதிரி இருந்தது என்று அவள் சண்டை பிடித்தாள். தான் வாயே திறக்கவில்லையே என்றார் அவர். அதைத்தான் சொல்கிறேன் என்றாள்.

ஒருநாள் அந்த ஓட்டலின் உல்லாசப் படகில் எஞ்சின் நின்றுபோய் மெக்கானிக்கைக் கூப்பிட்டார்கள். வேலை முடித்துக் கை கழுவப் போனவர் திரும்பும் வழியில் கடையின் கண்ணாடிக்குள் பார்த்தார். அலமாரி நிறைய மீன், ஆமை, நட்சத்திரம். எல்லாவற்றின் மேலும் அவர் மனைவி அழுதுகொண்டிருந்தாள். காசு கொடுத்து ஒன்றை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

உறையைப் பிரித்து மேஜைமேல் வைத்தார். ஆமையின் வயிற்றைச் சுற்றி மெல்லிய மேடாக ஒரு கோடு ஓடியது.

"ரெண்டு பாதி அச்சு மெஷின்ல வந்து அமுக்கற இடம் இது" என்றார். "எஞ்சின் பாகத்துல தினம் பாக்கறேன். மணிக்கு ஆயிரம் அடிக்கிற சோப்பு. இது உன் கை செஞ்சது இல்ல."

சோப்புக்காரம்மா அதை மோந்து பார்த்தாள். சென்ட் வாசனையைத் தவிர எண்ணெய் மணம் ஒன்றும் இல்லை.

தான் செத்ததற்குச் சிரித்த மனிதர் அன்று சிரிக்கவில்லை. சட்டையை மாட்டினார்.

"கிளம்பு. உன் மூஞ்சியை இன்னொருத்தன் சோப்புக்கு ஒட்டியிருக்காங்க."

"நாளைக்குப் போலாம். துணி மாத்தணும்."

"எதுக்கு மாத்தணும்? இப்படியே வா."

ஏப்ரனும் கழுத்தில் தொங்குகிற கண்ணாடியுமாக அவள் அந்தக் கடைக்குள் நுழைந்தபோது, வெளியூரிலிருந்து வந்திருந்த ஒரு கூட்டம் சோப்பு அலமாரியைச் சுற்றி நின்றிருந்தது. ஒரு பெண் உறையை வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். பறிகொடுத்த என்ற இடத்தில் அவள் குரல் இளகியது. சோப்புக்காரம்மா பக்கத்தில் போய் நின்றாள்.

"அந்தப் படத்துல இருக்கறது நான்தாம்மா. கடலுக்குப் போனவர் இவர்தான்."

மெக்கானிக் வணக்கம் சொன்னார்.

அந்தப் பெண் படத்தைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். பிறகு சோப்பை எடுத்த இடத்தில் வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு, இதென்ன என்று கடைப்பெண்ணிடம் கேட்டாள். கூட்டத்தில் நாலைந்து போன்கள் உயர்ந்தன. காவலாளி வந்தார். ஆனால் மெக்கானிக்கின் கையைப் பிடிப்பதா வேண்டாமா என்று அவருக்குப் புரியவில்லை. அன்று காலையில்தான் இதே ஆளை ஓட்டல் படகுக்குக் கூட்டிப்போய் விட்டிருந்தார்.

மேடம் வேகமாக வந்தார். உள்ளே போய்ப் பேசலாம் என்றார். சோப்புக்காரம்மா நகரவில்லை. இங்கேயே பேசலாம் என்றாள். படத்தை நாளைக்கே எடுத்துவிடுவதாக மேடம் தணிந்த குரலில் சொன்னார்.

"இப்ப எடுங்க."

"இவ்வளவையும் இப்ப எப்படி…"

"ஒவ்வொண்ணாத்தான். நான் ஒவ்வொண்ணாத்தான் செஞ்சேன்."

போன்கள் இறங்கவில்லை. மேடம் கடைப்பெண்ணைப் பார்த்தார். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். கடைசியில் மேடமே ஒரு ஆமையை எடுத்து உறையைப் பிரித்தார். பிரித்ததை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றபோது சோப்புக்காரம்மா ஏப்ரனின் முன்பக்கத்தை இரண்டு கையாலும் மடி மாதிரி ஏந்திப் பிடித்தாள். உறை அதில் விழுந்தது. அடுத்தது நட்சத்திரம். அடுத்தது மீன். பிரித்துக்கொண்டே போனார் மேடம். பிரிக்கப் பிரிக்க அலமாரியில் அம்மணமாக உட்கார்ந்த பிராணிகள் எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. கூட்டம் மெல்லக் கலைந்தது. வாசிக்க அங்கே ஒன்றும் இல்லை.

அலமாரியில் கடைசி உறையும் பிரிந்ததும் மெக்கானிக் பெருமூச்சு விட்டார். மழை பிடிப்பதற்குள் வீட்டுக்குப் போகலாமா என்று கேட்டார்.

"இருங்க" என்றாள் அவள். அவள் பார்வை கல்லாவுக்கு மேலே இருந்த கண்ணாடிப் பெட்டியில் நின்றது. "அங்க உறையோட இன்னும் ரெண்டு இருக்கு."